எட்டு முதல் பன்னிரண்டு வரை: வங்கச் சிறுவர் புனைகதையின் கலைநெறி

முன்னுரை

தமிழ்ப் பாட்டியல் மரபு மனித வாழ்வின் பருவங்களை நுணுகிப் பகுத்த மரபாகும். உலா இலக்கியத்து ஏழு பருவ மகளிருள் பெதும்பைக்குரிய வயது எட்டு முதல் பதினொன்று வரை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டு குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் பாடுபொருளாக்கியது. ஆயினும் இம்மரபில் குழந்தை பாட்டுடைத் தலைமை பெற்றதேயன்றி வாசகத் தகுதி பெறவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களில் குழந்தை அறிவுரை கேட்கும் மாணவனாக நின்றது. பாடப்படுவோன், அறிவுறுத்தப்படுவோன் என்னும் இவ்விரு நிலைகளைக் கடந்து, தானே நூலை எடுத்துத் தனியே அமர்ந்து கதை படிப்போன் என்னும் மூன்றாம் நிலையைக் குழந்தை எய்தியது அச்சுக்கலை பரவிய பின்னரேயாகும்.

இந்திய மொழிகளுள் இம்மூன்றாம் நிலையைப் புனைகதையின் கட்டமைப்பிலேயே உணர்ந்து செயல்பட்ட மொழிகளுள் வங்கம் குறிப்பிடத்தக்கது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள வாசகருக்காக வங்க மொழியில் உருவான புனைகதையின் கலைநெறி எவ்வாறு படிப்படியாக அமைந்தது என்பதைச் 'சந்தேஷ்' இதழை நடுவாகக் கொண்டு ஆராய்வதும், அதனால் தமிழ் ஆய்வுலகம் பெறத்தக்க பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வாசக வயதின் இயல்பு

மழலையர்க்கான நூலைப் பெரும்பாலும் பெரியவரே படித்துக் காட்டுவர். ஆதலின் அந்நூலுக்குக் குரல் ஒருவருடையது, செவி மற்றொருவருடையது. எட்டு வயதை ஒட்டி இவ்வேறுபாடு மறைகிறது. வாசிப்பு தனிச்செயலாகிறது. எழுத்துக் கூட்டும் உழைப்புக் குறைந்து, கதையின் போக்கில் மனம் செல்லத் தொடங்குகிறது. ஆனால் முதியோர் நாவலின் காதல், குடும்பச் சிக்கல், உளப்போராட்டம் ஆகியவற்றுக்கு உரிய பட்டறிவு இன்னும் வாய்க்கவில்லை.

இவ்விடைநிலையே இவ்வகை எழுத்தின் அருமையைத் தீர்மானிக்கிறது. பாட்டின் ஓசை எழுத்தாளனுக்குத் துணைவராது. பட்டறிவின் ஒப்புமையும் துணைவராது. நிகழ்ச்சிகளின் கோவை, சொல்லுவோனின் குரல், தெளிந்த உரைநடை ஆகிய மூன்றையுமே அவன் நம்பியாக வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் வாசகன் நூலை மூடிவிடுவான். மரியாதை கருதியோ தேர்வு கருதியோ படித்து முடிக்கும் வழக்கம் இவ்வயதினர்க்கு இல்லை. எனவே சிறுவர் புனைகதையை எளிய இலக்கியம் எனக் கருதுவது பொருந்தாது. அது ஒரு மொழியின் உரைநடை வலிமையைச் சோதிக்கும் களமாகும்.

நல்ல பையனும் கெட்ட பையனும்

வங்கத்தில் சிறுவர்க்கான அச்சு நூல்கள் பாடநூல்களாகவே தொடங்கின. ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855-இல் வெளியிட்ட 'வர்ணபரிசய்' பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்த நூலாகும். அதன் முதற்பாகத்தில் கோபால், ராகால் என்னும் இரு சிறுவர் இடம்பெறுகின்றனர். கோபால் பெற்றோர் சொற்கேட்டு நடப்பவன். ராகால் அதற்கு மாறானவன். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு முன் வைக்கப்பட்ட முதற் கதைமாந்தர் இவர்கள் எனலாம்.

இவ்விருவரும் மாந்தர் என்பதினும் மாதிரிகள் என்பதே பொருந்தும். கோபால் அடுத்து என்ன செய்வான் என்பதில் வாசகனுக்கு ஐயமே எழாது. ஐயம் எழாத இடத்தில் கதை இல்லை. கதைமாந்தனின் அடுத்த செயல் முன்கூட்டியே நன்மை என்றோ தீமை என்றோ முடிவு செய்யப்பட்டிருக்குமாயின், வாசகன் செய்ய வேண்டியது ஏற்றுக்கொள்வது ஒன்றே. பின்வந்த வங்கச் சிறுவர் புனைகதையின் வரலாற்றைக் கோபாலிடமிருந்து விலகிய வரலாறாகவே காண இயலும். இதனால் வித்யாசாகரின் பெருமை குறைவதில்லை. அவர் உருவாக்கிய எழுத்தறிவே அவ்விலகலுக்குரிய வாசகரையும் உருவாக்கித் தந்தது.

வாய்மொழியிலிருந்து அச்சுக்கு

'சகா' (1883), 'பாலக்' (1885), 'முகுல்' (1895) ஆகிய இதழ்கள் சிறுவரைத் தனி வாசகக் குழுவாக அணுகின. அடுத்த கட்டத்தில் வாய்மொழிக் கதைகள் அச்சேறின. தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் 'தாகூர்மார் ஜுலி' (பாட்டியின் பை) 1907-இல் ரவீந்திரநாத தாகூரின் முன்னுரையுடன் வெளிவந்தது. பாட்டியின் கதை சொல்லும் தொனியை அச்சில் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சி அது.

1910-இல் வெளிவந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியின் 'டுன்டுனிர் போய்' மற்றொரு முன்னேற்றத்தைக் காட்டுகிறது. தையற்சிட்டு முதலிய உயிரினங்களை மாந்தராகக் கொண்ட இக்கதைகள் பேச்சு வழக்கை ஒட்டிய வினைவடிவங்களில் எழுதப்பட்டன. வங்க உரைநடையில் சாது பாஷா எனும் ஏட்டு வழக்கும் சலித பாஷா எனும் பேச்சு சார்ந்த வழக்கும் போட்டியிட்ட காலம் அது. சலித வழக்கை இலக்கிய உரைநடையாக நிலைநிறுத்தப் பெரிதும் உதவிய பிரமத சௌத்ரியின் 'சபுஜ் பத்ர' இதழ் 1914-இல்தான் தோன்றியது. ஆகவே பின்னர் முதியோர் இலக்கியத்தில் பெரும் வாதமாக எழுந்த மொழிநடை மாற்றத்திற்குரிய முன்சான்றுகளுள் ஒன்று சிறுவர் நூலில் அமைந்திருந்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஏட்டு வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடைவெளி மிகுந்த தமிழுக்கு இச்செய்தி தனிப்பொருள் உடையது.

சந்தேஷ்: அச்சகமும் இதழும்

'சந்தேஷ்' என்னும் சொல் வங்கத்தில் இனிப்புப் பண்டத்தையும் செய்தியையும் ஒருங்கே குறிக்கும். உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய இதழுக்கு இப்பெயர் மிகப் பொருந்தியது. அவர் எழுத்தாளர் மட்டுமல்லர். ஓவியர், இசைவல்லார், அச்சுத் தொழில்நுட்ப வல்லுநர். ஆஃப்டோன் முறையில் படங்களை அச்சிடுவது குறித்து அவர் எழுதிய ஆய்வுரைகள் இங்கிலாந்தின் 'பென்ரோஸ்' ஆண்டிதழில் வெளியாயின. அவருடைய மகன் சுகுமார் ராய் அச்சுத் தொழில்நுட்பம் பயில 1911-இல் இங்கிலாந்து சென்று 1913-இல் திரும்பினார். யு. ராய் அண்ட் சன்ஸ் என்னும் அவர்களுடைய அச்சகமே இதழின் தாயகமாயிற்று.

எழுதுவோரும் வரைவோரும் அச்சிடுவோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தமை புனைகதையின் வடிவத்தையும் பாதித்தது. சொல்லால் நீண்டு விளக்க வேண்டியதைப் படம் ஏற்றுக்கொண்டது. உரைநடை சுருங்கி விரைவு பெற்றது. மாத இதழின் பக்க எல்லை கதையின் நீளத்தை வரையறுத்தது. 1915-இல் இவ்விதழில் வெளிவந்த உபேந்திரகிஷோரின் 'கூபி காயேன் பாகா பாயேன்' வாசகரை நேரே விளித்து, அவர்களிடம் ஒரு வினாவை எழுப்பியவாறு தொடங்குகிறது. முன்னிலையில் அமர்ந்திருக்கும் கேட்போனை அச்சுப் பக்கத்திற்கு அழைத்துவரும் உத்தி இது. பாட்டியின் குரல் இங்கு ஆசிரியனின் குரலாக மாறத் தொடங்குகிறது. இக்கதையே 1969-இல் சத்யஜித் ராயின் திரைப்படமாயிற்று.

சுகுமார் ராய்: கதைசொல்லியின் இடமாற்றம்

1915 திசம்பரில் தந்தை மறைந்தபின் சுகுமார் ராய் இதழின் ஆசிரியரானார். 1923 செப்டம்பரில், தம் முப்பத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தார். அக்குறுகிய காலத்தில் அவர் செய்த மாற்றம் ஒன்றே: கதைசொல்லியைப் பெரியவரின் இருக்கையிலிருந்து எழுப்பிச் சிறுவரின் வரிசையில் அமர்த்தினார்.

'பாக்லா தாசு' கதைகள் இதற்குச் சான்று. தாசு என்னும் குறும்புக்காரனைப் பற்றிச் சொல்பவன் அவனுடைய வகுப்புத் தோழன். ஒரு கதையில் தாசு ஒரு பெட்டியைப் பள்ளிக்குக் கொணர்ந்து எவரிடமும் காட்டாமல் காக்கிறான். தோழர்களின் ஆவல் வளர்கிறது. ஒருவழியாகப் பெட்டியைத் திறந்து பார்க்கின்றனர். உள்ளே அவர்களுடைய ஆவலையே கேலி செய்யும் ஒரு சீட்டுத்தான் கிடைக்கிறது. இக்கதையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. தோழர்களுக்குத் தெரிந்த அளவே வாசகனுக்கும் தெரியும். பெட்டி திறக்கப்படும்போது ஏமாறுபவர்களுள் வாசகனும் ஒருவன். பிறர் பொருளைத் திறந்து பார்த்தல் தகாது என்னும் நீதி இங்கும் உண்டு. ஆனால் அது வெளியிலிருந்து சொல்லப்படவில்லை; வாசகன் தன் மேலேயே சிரிக்கும் சிரிப்பில் அடங்கியுள்ளது. தாசு கோபாலும் அல்லன், ராகாலும் அல்லன். அவன் அடுத்து என்ன செய்வான் என்பதை எவரும் அறியார்.

1922-இல் சந்தேஷில் வெளிவந்த 'ஹஜபரல' இதனை மேலும் ஒரு படி கொண்டு செல்கிறது. கைக்குட்டை பூனையாகிறது, காகம் கணக்கெழுதுகிறது, வழக்குமன்றம் கூடுகிறது. அதில் வரும் ஆட்டின் பெயர் வியாகரண் சிங், அதாவது இலக்கணச் சிங். இலக்கணம் படிப்பதாகப் பெயர்செய்துகொண்டு உறங்கிவிட்ட சிறுவனின் கனவே கதை என்பது, மாமா அவன் காதைத் திருகும் இறுதியில் தெரிகிறது. சிறுவன் கூறியதை மாமா நம்புவதில்லை. வயதாகிவிட்டால் மனிதர் எதையும் நம்பமாட்டார்கள். உங்களுக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லையாதலால் துணிந்து உங்களிடம் சொன்னேன் என்னும் கருத்துப்பட அவன் வாசகரிடம் பேசி முடிக்கிறான். கதைசொல்லியும் வாசகரும் ஓர் அணியாகவும், பெரியவர் மற்றோர் அணியாகவும் நிற்கும் நிலை இங்கு வெளிப்படையாகவே அறிவிக்கப்படுகிறது. பாடப்படுவோனும் அறிவுறுத்தப்படுவோனும் ஆகிய குழந்தை, ஆசிரியனின் நம்பிக்கைக்குரிய கூட்டாளியாக உயர்ந்த இடம் இது.

அறிவுரையின் இடத்தில் துல்லியம்

அறிவுரையை நீக்கினால் சிறுவர் கதை வெறும் பொழுதுபோக்காகிவிடாதா என்னும் வினா எழுதல் இயல்பு. வங்க எழுத்தாளர் இதற்கு அளித்த விடை தகவல் துல்லியம் என்பதாகும்.

1920-இல் தொடங்கிய 'மௌசாக்' இதழ் வீரதீரக் கதைகளுக்குக் களமாயிற்று. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'சாந்தேர் பஹாட்' (நிலவு மலை) அதில் தொடராக வந்து 1937-இல் நூலாயிற்று. ஆப்பிரிக்கா சென்றறியாத அவர், பயண நூல்களைக் கற்றே அந்நிலத்தைப் படைத்தார். வங்கச் சிற்றூரின் சங்கர் என்னும் இளைஞன் சணல் ஆலை வேலையைத் தவிர்த்து ஆப்பிரிக்க இருப்புப்பாதைப் பணிக்குச் செல்கிறான். குகையொன்றில் வழி தவறியபோது அடையாளத்திற்காக அவன் பயன்படுத்திய கூழாங்கற்கள் பட்டை தீட்டாத வைரங்கள் என்பது அவனுக்குப் பின்னரே தெரியவருகிறது. அவன் அறியும்போதே வாசகனும் அறிகிறான். முன்பு படித்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தூண்டும் இவ்வுத்தி, கவனமாகப் படிப்போனுக்கு ஆசிரியன் தரும் மதிப்பாகும்.

பிபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'க்கு இளைய வாசகருக்கான சுருக்கப் பதிப்பொன்று 1940-களில் வெளிவந்தது. அதற்கு ஓவியம் வரைந்தவர் சத்யஜித் ராய். 1955-இல் வெளிவந்த அவருடைய முதல் திரைப்படத்திற்கு வித்திட்டது அப்பணியே. சிறுவர் பதிப்பு ஒன்று நாட்டின் கலை வரலாற்றில் ஏற்படுத்திய விளைவுக்கு இதனினும் பெரிய சான்று காட்டல் அரிது.

இரண்டாம் சந்தேஷ்

1961-இல் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் சந்தேஷை மீண்டும் தொடங்கினர். பின்னர் லீலா மஜும்தாரும் நளினி தாஸும் ஆசிரியப் பொறுப்பில் இணைந்தனர். இதழின் தேவையே ராயைக் கதாசிரியராக்கியது. 1961-இல் பேராசிரியர் ஷங்கு, 1965-இல் ஃபெலுடா என்னும் இரு தொடர்மாந்தர் தோன்றினர்.

ஷங்கு கதைகள் நாட்குறிப்பு வடிவின. முதற்கதையில் எதனாலும் அழியாததாகக் காட்டப்படும் நாட்குறிப்பை இறுதியில் எறும்புகள் தின்றுவிடுகின்றன. நம்பத்தகாத செய்தியைக் கூறிவிட்டு, அதன் சான்றையும் நகைச்சுவையுடன் அழித்துவிடும் இம்முடிவு, நம்புவதா வேண்டாவா என்னும் தீர்ப்பை வாசகனிடமே விடுகிறது.

ஃபெலுடா கதைகளைச் சொல்பவன் தோப்ஷே என்னும் சிறுவன். 'டா' என்பது அண்ணன் எனப் பொருள்படும் விகுதி. ஷெர்லாக் ஹோம்ஸின் தோழர் வாட்சன் அவருக்கு வயதில் இணையானவர். தோப்ஷேயோ ஃபெலுவுக்கு இளைய உறவினன். அண்ணன் தம்பிக்கு விளக்குவது இயல்பாதலின், ஊர்களின் வரலாறும் துப்பறியும் நெறியும் பாடமாகத் தோன்றாமல் உரையாடலாகவே அமைகின்றன. கற்பித்தல் நீங்கிவிடவில்லை, அது உறவுமுறைக்குள் இடம் பெயர்ந்தது.

1971-இல் எழுதப்பட்ட 'சோனார் கெல்லா'வில் ஜடாயு என்னும் புனைபெயருடைய லால்மோகன் கங்குலி அறிமுகமாகிறார். மயிர்க்கூச்செறியும் கதைகளை எழுதிக் குவிக்கும் அவருடைய நூலில் ஒட்டகம் பற்றிய பிழை ஒன்றை ஃபெலுடா திருத்துகிறார். சிறுவர்க்கு எழுதுவோன் பிழைபட எழுதலாகாது என்னும் கலைநெறி இங்குக் கதைக்குள்ளேயே நகைச்சுவையாகப் பேசப்படுகிறது. இளைய வாசகரை முன்னிறுத்தித் துப்பறியும் கதை எழுதுவதன் அருமையை ராய் ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். முறையற்ற காதலும் மிகுந்த வன்முறையும் விலக்கப்படவே, பேராசை, மரபுச்செல்வத் திருட்டு, ஆள்மாறாட்டம் ஆகியவற்றைச் சுற்றியே பல கதைகளும் அமைந்தன. விலக்கு, கதைப்பின்னலைக் கூர்மையாக்கும் விதியாகப் பயன்பட்டது.

எல்லைகள்

இம்மரபின் குறைகளையும் சுட்டுதல் ஆய்வுக் கடமையாகும். ஃபெலுடா கதைகளில் பெண் மாந்தர் மிக அரியர். சிறுவன் என்னும் சொல் நடைமுறையில் படித்த நடுத்தர வகுப்பு நகர்ப்புற ஆண்பிள்ளையையே பெரிதும் குறித்தது. 'சாந்தேர் பஹாட்' காட்டும் ஆப்பிரிக்கா, அதற்கு மூலமான ஐரோப்பியப் பயண நூல்களின் பார்வையிலிருந்து முழுவதும் விடுபட்டதன்று. துல்லியம் என்பது யாருடைய நூல்களிலிருந்து பெற்ற துல்லியம் என்னும் வினாவை அந்நாவல் எழுப்புகிறது.

லீலா மஜும்தாரின் எழுத்து இவ்விறுக்கத்தை ஓரளவு தளர்த்தியது. அவருடைய 'பதீபிஷீர் பர்மி பாக்ஷோ' குடும்பத்தில் காணாமற்போன ஒரு பர்மியப் பெட்டியைச் சுற்றி அமைந்தது. அஞ்சத்தக்க ஆளுமையுடைய ஒரு மூதாட்டியே அதன் நினைவு முழுவதையும் ஆள்கிறார். வீரதீரம் தொலைநாட்டில் மட்டுமன்றி உறவினர் வீட்டிலும் உண்டு என அவர் காட்டினார்.

தமிழ் ஆய்வுக்குரிய பயன்

தமிழில் குழந்தை இலக்கியம் இயக்கமாக வளர்ந்த வரலாறு உண்டு. கவிமணியின் பாடல்களும், அழ. வள்ளியப்பாவின் பணியும், 1950-இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கமும், 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா', 1972-இல் தொடங்கிய 'கோகுலம்' ஆகிய இதழ்களும் அதன் மைல்கற்கள். எனினும் குழந்தைக் கவிஞர் என்னும் பட்டம் நிலைத்த அளவுக்குச் சிறுவர் புனைகதையாளர் என்னும் அடையாளம் நிலைக்கவில்லை. பல பெயர்களில் கதையும் படக்கதையும் அறிவியலும் எழுதிய வாண்டுமாமா (1925-2014) தம் வாசகரிடம் பெற்ற செல்வாக்கிற்கு ஈடான இடத்தை இலக்கிய வரலாற்று நூல்களில் பெறவில்லை.

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருதும், தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் 'பனிமனிதன்' போன்ற முயற்சிகளும், ஃபெலுடா கதைகளின் தமிழாக்கங்களும் இத்துறையின் மீது புதிய கவனத்தை ஈர்த்துள்ளன. ஆனால் ஆய்வேடுகள் பலவும் சிறுவர் கதைகளை அவை உணர்த்தும் நீதிகளின் பட்டியலாகவே அணுகுகின்றன. இவ்வணுகுமுறையில் கோபால் நூற்றாண்டு கடந்தும் ஆள்கிறான். யார் சொல்கிறார், வாசகனுக்கு எப்போது எது தெரியவருகிறது, உரையாடலில் எவ்வழக்குப் பயில்கிறது, தொடரின் இதழ்முறிவு எவ்விடத்தில் நிகழ்கிறது, பெரியவர் எவ்வாறு கதையிலிருந்து விலக்கப்படுகிறார் என்னும் வினாக்களே புனைகதைக்குரிய வினாக்கள். இவற்றை எழுப்புவதற்கு இதழ்த் தொகுப்புகள் வேண்டும். பழந்தாள் விற்பனைக்குச் சென்றுவிடும் சிறுவர் இதழ்களைப் பல்கலைக்கழக நூலகங்கள் தொகுத்துக் காத்தாலன்றி இவ்வாய்வு தொடங்கவே இயலாது.

முடிவுரை

வங்கச் சிறுவர் புனைகதை மாதிரி மாந்தரிலிருந்து கணிக்கவியலா மாந்தருக்கும், பெரியவரின் குரலிலிருந்து தோழனின் குரலுக்கும், அறிவுரையிலிருந்து துல்லியத்திற்கும் நகர்ந்தது. இந்நகர்வுகளுக்கு அச்சகம், இதழ், மொழிநடை ஆகிய மூன்றும் துணைநின்றன. ராய் குடும்பத்து மூன்று தலைமுறையினரும் பிபூதிபூஷண் போன்ற முதன்மை எழுத்தாளரும் இப்பணியை இரண்டாந்தரப் பணியாகக் கருதவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பெதும்பைப் பருவத்தை அழகுறப் பாடிய தமிழ், அப்பருவத்தார் தாமே எடுத்துப் படிக்கும் கதைகளையும் அதே நுண்மையுடன் ஆராயும் கடமை உடையது. பத்து வயதில் தன் மொழியில் தனக்குரிய கதையைக் காணாத வாசகனை, இருபது வயதில் தமிழ்த்துறை வகுப்பறையில் எதிர்பார்த்தல் அரிது.